வெள்ளிக்கிழமை நெருப்பு

எங்கள் குடும்பத்தில் கவலைப்படுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. அப்பா வாய்க்காலுக்குப் போனால் பாம்பு, தம்பி இருமினால் கக்குவான், வானம் கறுத்தால் இடி என்று எல்லாவற்றுக்கும் ஒன்று தயாராக வைத்திருப்பேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டதால் மற்ற பாடங்களெல்லாம் எனக்கு அரைகுறைதான். இது ஒன்றுதான் முழுசாக வரும்.

அப்படிப்பட்ட என்னை ஒரு மார்கழி மாதத்தில் கொல்லிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மலையடிவாரத்தில் புளியஞ்சோலைக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். தினமும் எழுந்ததும் முகத்துக்கு நேராக மலைதான் நிற்கும். நிற்பதைப் பார்ப்பதோடு சரி. அதன்மேல் ஏறவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. மேலே வளப்பூர் நாடு என்கிற பகுதியில் ஒரு மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். கொடியெல்லாம் காய்த்து, பறிக்கிற பருவம். தோட்டத்தில் ஒரு குடிசையும் போட்டிருந்தார். மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், மேலே மலைப்புல் கூரை. ஆனால் அவர் வாயில் அது பங்களா. "பங்களாவுல வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க, அப்பறம் கீழ எறங்கவே மனசு வராது" என்று அப்பாவை அரித்து எடுத்துவிட்டார். மிளகு பறிக்க அப்பா போகவேண்டும், ஆண்களுக்குக் கஞ்சி காய்ச்ச அம்மா போகவேண்டும், அம்மா போனால் நானும் தம்பியும் போகவேண்டும். நாங்கள் எல்லாரும் போனால் எங்களையெல்லாம் மேய்ப்பதற்கு அத்தை வரவேண்டும்.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷனை இழந்தபிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அம்மா அவளை "நங்கையா" என்று கூப்பிடுவாள். அவள் பேச்சை மீறி ஒரு கரண்டியை இடம் மாற்றமாட்டாள். எந்த நாளில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் அத்தைக்கு அத்துப்படி. தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளைத் தவலையை அத்தை யாரையும் தொடவிடமாட்டாள். "மலைக்கு எதுக்குக்கா இந்தத் தவலை? மண்பானையே அங்க கெடக்குதே" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை தவலையைச் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஏற ஏறப் பனி. முன்னால் போகிறவரின் முதுகு தெரியும், அதற்குமுன் போகிறவர் தெரியமாட்டார். யாராவது ஒருவர் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். மேலே மலைக்காரர்களின் முதல் ஊர் வந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே செருப்புக் காலோடு நடக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. சரி, இனி முள்ளுக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்களாவைப் போய்ச் சேர்ந்தபோது தூறலில் எல்லாரும் நனைந்திருந்தோம். சித்தப்பா மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தார். யுத்தகாலம், தீப்பெட்டி கிடைப்பதே பெரும்பாடு. ஈரத்தில் ஊறிப்போன குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். மருந்து மட்டும் மாவாக உதிர்ந்தது. தம்பி குளிரில் அழுதான். அம்மா அவனைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து ஒருத்தி வந்தாள். நிறைமாத வயிறு. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் உடைந்த பானைச் சில்லு ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தாள். அதன்மேல் வாழையிலை மூடியிருந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. நேராக உள்ளே போய் எங்கள் அடுப்பில் அந்த நெருப்பைக் கொட்டி, சருகைப் போட்டு ஊதினாள்.

"வா கண்ணு, வந்து காயி. வெரலெல்லாம் நீலமாப் போச்சே சாமி" என்று என் கையைப் பிடித்து அடுப்புப் பக்கம் இழுத்தாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வாங்கிக்கொள்வதற்கு அத்தை நாள் பார்க்கவில்லை. "மகராசி, லட்சுமியாட்டம் நெருப்பக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாளே!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்த அக்காவும் அவள் வீட்டுக்காரரும்தான் எங்களுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு முள்வேலி, ஒரு பலாமரம், அவ்வளவுதான். வேறு வீடு வேண்டுமென்றால் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போகவேண்டும். அங்கெல்லாம் அடுப்பை அணைய விடமாட்டார்கள். இரவில் சாம்பலைப் போட்டு மூடி, காலையில் கிளறிவிடுவார்கள். தப்பித்தவறி அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர் மொண்டுகொள்கிற மாதிரிதான்.

வீட்டுக்காரர் நெட்டையான மனிதர். ஒருநாள் பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு வாய் நிறையாது. காலையில் வேலி ஓரமாக நின்று, "தூங்குனீங்களா?" என்பார். சித்தப்பா, "பங்களாவுல தூக்கத்துக்கு என்ன கொறச்சல்!" என்பார், இரவெல்லாம் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர். வீட்டுக்காரர் சிரிக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார். கொஞ்ச நேரத்தில் சுட்ட வள்ளிக்கிழங்கோ, சாமைச் சோறோ வேலிக்கு மேலாக வரும்.

வியாழக்கிழமை காலையில் அக்காவுக்கு வலி கண்டது. அக்கரையிலிருந்து மலைக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா என்னையும் தம்பியையும் மிளகு காயப்போட்ட பாய்க்குக் காவல் வைத்தாள். உச்சிவேளைக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் அக்கரைக்குப் போய்விட்டார்கள். அம்மா நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்து அனுப்பினாள். குழந்தை எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது, குளிர்தான் ஆகாது, கணப்பு மட்டும் அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மா அத்தையிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். எலிக்குஞ்சு என்ற வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் மிளகு மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார்கள். போட்டுவிட்டு, ஒரு தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னார்கள். அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. பிறகு மழை. மலையில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து அறைகிறது. ஓடை இரைய ஆரம்பித்தது. பொழுது சாயும்போது அக்கரைக்குப் போகிற நடைபாறைகள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் வரவில்லை.

அத்தை விளக்கேற்றி வைத்துவிட்டு அதன்முன் உட்கார்ந்தாள். வாசலைப் பார்ப்பதும் விளக்கைப் பார்ப்பதுமாக இருந்தாள். அப்போது வெளியே குரல் கேட்டது.

"ஏனுங்க... ஊட்டுல ஆருங்க?"

பக்கத்து வீட்டுக்காரர். தலையில் போட்ட சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் பானைச் சில்லு.

"கூரை பிச்சுக்கிச்சுங்க. அடுப்பெல்லாம் தண்ணி. கணப்பும் அணஞ்சுபோச்சு. துளி நெருப்புக் குடுத்தீங்கன்னா..."

அம்மா பாதி எழுந்துவிட்டாள். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவளை நிறுத்தினாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வெச்ச பொறகு ஊட்டு நெருப்ப வெளிய குடுக்கறதில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. விடிஞ்சதும் வாங்க, அடுப்போட எடுத்துக்கங்க."

அவர் சில்லை முன்னால் நீட்டினார். "பச்சப்புள்ள நடுங்குதுங்க" என்றார்.

அத்தையின் குரல் மாறிப்போயிற்று. "எங்க ஊட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் இந்த மழையில வழியில நிக்கறாங்களே சாமி. இந்நேரம் பாத்து லட்சுமிய வெளிய அனுப்பிட்டு, அவுங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் தொண்டையில் நிற்காது. "ஏம்மா, நம்ம அடுப்புல எரியற நெருப்பே அவுங்க குடுத்ததுதான?" என்று கேட்டேன்.

"வாய மூடிட்டு இரு" என்றாள் அம்மா. மெதுவாகத்தான் சொன்னாள். அத்தை விளக்குத் திரியைத் தூண்டினாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மூங்கில் தட்டியில் மண் உதிர்ந்து ஒரு சந்து இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். அவர் பலாமரத்தடியில் சில்லை வைத்துவிட்டு, வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு கழியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினார். ஓடையில் செந்தண்ணீர். வேரோடு வாழைமரம் ஒன்று மிதந்து போயிற்று. அவர் கரையில் நின்று கழியை உள்ளே விட்டுப் பார்த்தார். கழியைத் தண்ணீர் இழுத்தது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

அவர் அக்கரைக்கு நெருப்பு வாங்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. போனால் ஓடை அவரைக் கொண்டுபோய்விடும். போகாவிட்டால் எலிக்குஞ்சு. இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன், நடுவில் வழி இல்லை. என் தோளுக்குமேல் மூச்சு சுட்டது. அம்மாவும் அதே சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா நிமிர்ந்தாள். "நங்கையா, பையன் மேலெல்லாம் அழுக்காக் கெடக்குது. கொஞ்சம் வெந்நி போட்டு ஊத்தி உட்டுரலாம்னு பாக்கறேன்" என்றாள்.

நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். தம்பி ஒரு தும்மல் தும்மினாலே இரண்டு நாளைக்கு அவன்மேல் தண்ணீர் படவிடாதவள் அத்தை. அன்றைக்குக் காலையிலிருந்து அவன் இருமிக்கொண்டிருந்தான். வெளியே அடைமழை.

அத்தை அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஊத்து" என்றாள். "பொறத்தால இருக்கற அடுப்புலயே போடு புள்ள. உள்ள போட்டா பொகைஞ்சு போயிரும்." பிறகு, "கீழ கெடக்கற வெறகெல்லாம் ஈரம். பரண்ல காஞ்ச பலாக்கட்டை வெச்சிருக்கறேன், அத எடுத்துக்க" என்றாள்.

அந்தப் பலாக்கட்டைகளை அத்தை யாருக்கும் காட்டாமல் சேர்த்து வைத்திருந்தாள். முந்தின நாள் அம்மா அதில் ஒன்றைக் கேட்டதற்கு, "சோத்துக்குச் சுள்ளி போதும்" என்றவள். இரண்டு பெரியவர்களுக்கும் ஒரே சமயத்தில் புத்தி பிசகிவிட்டது, தம்பிக்குக் கக்குவான் நிச்சயம் என்று முடிவுகட்டினேன்.

குடிசைக்குப் பின்னால், வேலியை ஒட்டி, ஒரு சாய்ப்புக்கூரைக்குக் கீழே குளிக்கிற தண்ணீர் காய்ச்சும் அடுப்பு இருந்தது. அம்மா உள்ளடுப்பிலிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு அங்கே போனாள். நான் பின்னாலேயே போனேன். பலாக்கட்டைகளை அடுக்கி, ஊதி, எரியவிட்டாள். வெந்நீர் போடுகிற நெருப்பில்லை அது, கல்யாணத்துக்குச் சமைக்கிற நெருப்பு. கையில் அகப்பட்ட பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். அத்தையின் தவலை.

அதில் தண்ணீர் இல்லை.

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா வேலிப் பக்கம் திரும்பி நின்று, அவள் தொண்டையிலிருந்து நான் அதற்குமுன் கேட்டிராத ஒரு சத்தத்தில் கத்தினாள். "ஏ கண்ணு! அடுப்பு நல்லாப் புடிச்சுக்கிச்சு! நான் உள்ள போறேன்! இங்க ஆரும் இருக்க மாட்டாங்க! ஆருமே இருக்க மாட்டாங்க!"

நான் அவள் இடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "நான் இருக்கறேம்மா. கூரையில தீப்புடிச்சுட்டா? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அம்மா என் காதைப் பிடித்துத் திருகி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே அத்தை பின்வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊரிலுள்ள சாமி பெயரையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். ஆனால் ஆளில்லாமல் எரிகிற நெருப்பு ஒன்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எனக்கு எப்படிச் சாமி வரும்? நைசாகத் தலையைத் திருப்பி, பின்பக்கத்துத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிச் சந்தில் நுழைந்து வந்தார். எங்கள் குடிசையை ஒருதரம் பார்த்தார். குனிந்து சில்லில் நெருப்பை அள்ளினார். இலையால் மூடினார். எரிகிற பலாக்கட்டை ஒன்றையும் உருவிக்கொண்டார். மழை படாமல் அதன்மேல் உடம்பை வளைத்துக் கவிந்துகொண்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், வீட்டு நெருப்பு வெளியே போகிறது! கொடுத்தாலே லட்சுமி போய்விடுவாள் என்றால், திருட்டுப்போனால் என்ன ஆகும்? அப்பா வழியில் இருக்கிறார், சித்தப்பா வழியில் இருக்கிறார். கத்தலாமா? கத்தினால் அத்தை போய் நெருப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவாள், எலிக்குஞ்சு என்ன ஆகும்? வாய் திறந்தபடியே இருந்தது.

"சாமி கும்புடறப்பப் பின்னால திரும்பிப் பாக்கக்கூடாது" என்றாள் அத்தை, திரும்பாமலே.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். லட்சுமியிடம் நேரடியாகப் பேசிவிடுவது என்று தீர்மானித்தேன். 'நாங்க குடுக்கல சாமி. அவுங்களாத்தான் எடுத்துக்கிட்டாங்க. நீ போகாத. அப்படியே போறதா இருந்தாலும் பக்கத்து ஊட்டுக்குத்தான போற. அந்தப் பாப்பாகூட இருந்துட்டு, விடிஞ்சதும் வந்துரு.' இப்படிச் சொல்லிமுடித்தபிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. பக்கத்தில்தானே இருக்கிறாள், கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "மழை உடற மாதிரி தெரியல நங்கையா. நாளைக்கு ஊத்திக்கலாம்" என்றாள்.

"அதான் நல்லது" என்றாள் அத்தை.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது மழை நின்றிருந்தது. போர்வையோடு எழுந்து போய்த் தட்டிச் சந்தில் கண்ணை வைத்தேன். பனியில் முதலில் பலாமரம் மட்டும் தெரிந்தது. பிறகு அந்த வீட்டின் கூரை. பிய்ந்த இடத்தில் பாளைமட்டை செருகியிருந்தது. அந்தப் புல் கூரை முழுக்க, ஒவ்வொரு தாளின் இடுக்கிலிருந்தும், நீலமாகப் புகை கசிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை அழுதது. எலிக்குஞ்சு அழுகிற அழுகை இல்லை அது. பசித்த அழுகை, அதிகாரமான அழுகை. அன்றுவரை ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வெயில் ஏறும்போது பாதையில் சித்தப்பாவின் குரல் கேட்டது. "பங்களா நிக்குதா, போயிருச்சா?" பின்னாலேயே அப்பா. கீழே வழியிலிருந்த ஒரு மலைக்காரர் வீட்டில் இரவு தங்கினார்களாம், நல்ல கணப்பாம், நல்ல சோறாம். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அத்தை தன் இரண்டு தம்பிகளையும் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரையும் திட்ட ஆரம்பித்தாள். லட்சுமி என் சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைக் கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினார்.

"புள்ள நல்லா இருக்குதுங்களா?" என்று அத்தை கேட்டாள்.

"தூங்குச்சுங்க."

"நெருப்புக்கு என்ன பண்ணுனீங்க?"

அவர் பின்பக்கத்து அடுப்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. தலையைச் சொறிந்தார். "எப்படியோ கெடச்சுதுங்க" என்றார்.

"சாமி இருக்குதில்ல" என்று சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டாள் அத்தை. அம்மா திடீரென்று இருமினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தவலை ஞாபகம் வந்தது. பின்னால் ஓடினேன். அத்தை முந்திக்கொண்டிருந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெறும் தவலை நெருப்பில் கிடந்து, அடி கன்றி, உள்ளேயும் வெளியேயும் கருகிப்போயிருந்தது. எவ்வளவு தேய்த்தும் அடிப்பக்கத்துக் கறுப்பு போகவில்லை, கடைசிவரைக்கும் போகவில்லை. ஒரு சொம்பு நசுங்கினால் ஊரைக் கூட்டுகிறவள், தண்ணீர் ஏன் ஊற்றவில்லை என்று அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் நிற்பதைப் பார்த்து, "என்ன பாக்கற? போயி அந்தப் பாப்பாவப் பாத்துட்டு வா, போ" என்றாள்.

நல்லவேளை, அத்தை ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, அம்மா தப்பித்தாள் என்று நினைத்தபடி, அவர் நெருப்போடு போன அதே வேலிச் சந்தில் நுழைந்து ஓடினேன்.